எழுத்து நிரபராதி

டிரில் மெஷினின் முனை ஸ்க்ரூவின் தலையில் உட்கார்ந்துவிட்டது. இன்னும் ஓர் அழுத்து அழுத்தினால் பலகை கழன்று கையோடு வந்துவிடும். நான் போய் அந்த ஆளின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"கையை எடுங்க சார். மாவட்ட ஆபீஸ் உத்தரவு."

"தெரியும். கொஞ்சம் பொறுங்க. ஒரு போன் பேசிக்கிறேன். அதுக்கப்புறம் இதை நீங்க கழட்ட வேண்டியிருக்காது."

"அதான் காலையிலேருந்து எல்லாரும் சொல்றாங்க," என்று அவர் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துக் கண்ணடித்தார். "முதல்ல சுற்றுலா அதிகாரி கூ வந்து பலகையைத் தடவிட்டு அழுதாரு. இப்ப இவரு."

அங்கிருந்துதான் உங்களைக் கூப்பிட்டேன், இன்ஸ்பெக்டர். ஹாவுன் மலையின் வாகன நிறுத்தத்தில், முதல் பலகையின் கீழே நின்றுகொண்டு. நீங்களும் தாமதிக்காமல் வந்து என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தீர்கள். பார்லி டீ கொடுத்தீர்கள், நல்ல சூடு. உங்கள் அறையில் தீயணைப்புக் கருவிக்கு மேலே ஒட்டியிருக்கும் அறிவிப்பு மட்டும் கண்ணை உறுத்துகிறது. அந்த எழுத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்கப் போவதில்லை. நான் வந்தது வேறு எழுத்துக்காக.

என் பெயர் சே கியூவொன். தொழில், அச்சுக்கும் பலகைக்கும் எழுத்துரு வரைவது. எழுத்துதான் ஏற்கெனவே இருக்கிறதே, நீ எதை வரைகிறாய் என்று கேட்பவர்கள் உண்டு. துணிதான் கடையில் இருக்கிறதே, தையல்காரன் எதற்கு என்று அவர்கள் கேட்பதில்லை.

தோ யூன்சல் எப்படி இறந்தாள் என்று எல்லாச் செய்தித்தாள்களும் எழுதிவிட்டன. மலையில் விழுந்து காலை உடைத்துக்கொண்டாள், பக்கத்தில் நின்ற வழிப்பலகையின் எண்ணில் இருந்த ஆறை எட்டு என்று படித்தாள், மீட்புக் குழு தவறான முகட்டில் தேடியது, அவள் குளிரில் உறைந்து போனாள். 'ஆளைக் கொன்ற எழுத்து' என்று ஒரு பத்திரிகை தலைப்புப் போட்டது. அந்தத் தலைப்பையே மெலிந்த, முனைக்கு முனை கொக்கி வைத்த ஓர் எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். படித்தவுடன் எனக்கு முதலில் பட்டது அதுதான்.

அந்த எழுத்து யாரையும் கொல்லவில்லை. அதற்கு என்னிடம் சாட்சி இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன், குறுக்கே கேட்டாலும் பரவாயில்லை.

ஹாவுன் மாவட்டத்துச் சுற்றுலாப் பிரிவு அதிகாரி கூ பியோங்மான் எங்கள் வரைகூடத்துக்கு முதல் முறை வந்தபோது ஒரு பெட்டி ஆப்பிளோடு வந்தார். சியோலில், மாங்வொன் சந்தைக்குப் பின்னால், மாடியில் இருக்கிறது எங்கள் கூடம். படி ஏறி வந்த மூச்சிரைப்பு அடங்குவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"பக்கத்து மாவட்டத்துக்குச் சொந்த எழுத்து இருக்கு சார். அதுக்கு அடுத்த மாவட்டத்துக்கும் இருக்கு. கோழிப் பொரியல் கடைக்குப் போர்டு வைக்கிற மாதிரி ஊருக்கு ஊர் எழுத்து வெச்சுக்கிட்டான். எங்களுக்கு மட்டும் இல்ல. மீட்டிங்ல தலைவர் என் மூஞ்சியையே பார்க்கிறாரு."

"எப்படி இருக்கணும்?" என்றேன்.

"குடிச்சிட்டுப் பார்த்தாலும் தெரியணும். எங்க மலைக்கு வர்றவன்ல பாதிப் பேர் இறங்கும்போது அரிசிக் கள்ளு போட்டுட்டுத்தான் இறங்குவான்."

யூன்சல் மேசைக்குப் பின்னாலிருந்து சிரித்தாள். அவள் என்னோடு வேலை செய்யத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கிழக்குக் கடற்கரைப் பெண். அறைக்குள்ளும் ஆரஞ்சு நிறப் பஞ்சுக் கோட்டைக் கழற்ற மாட்டாள். காய்ந்த கணவாய் மீனைக் கிழித்து மென்றுகொண்டே கோடு இழுப்பாள். ஆனால் அவள் இழுக்கும் கோட்டில் நடுக்கம் இருக்காது. என்னை 'சீனியர்' என்பாள். அந்தச் சொல்லில் மரியாதை இருந்ததா, கிண்டல் இருந்ததா என்று நான் கடைசி வரை கண்டுபிடிக்கவில்லை.

அவருக்காகச் செய்ததுதான் 'ஹாவுன் பாறை எழுத்து'. தடித்த எழுத்து. முனையில் கொக்கி கிடையாது, வால் கிடையாது, ஓரிடத்தில் மெலிந்து ஓரிடத்தில் பருக்கும் வேலை கிடையாது. முழுக்க ஒரே கனம். வட்டம், சதுரம், நேர்கோடு, இவற்றைத் தவிர வேறு எதையும் அதற்குள் நான் விடவில்லை. நம் கொரிய எழுத்துக்கு அது அந்நியமும் இல்லை. அதன் எலும்பே வட்டமும் சதுரமும்தான். தூரிகை பிடித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அதன் மேல் சதை ஏற்றி வைத்திருந்தார்கள். நான் சதையைச் சுரண்டி எலும்பைத் தடிமனாக்கினேன்.

அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருப்பீர்கள், நீங்கள் இந்த ஊர்க்காரர். ஆப்பிள் பெட்டி, கள் பாட்டில், பேருந்தின் வயிறு, தீயணைப்பு நிலையத்தின் ஷட்டர், பாலத்தின் வெள்ள அளவுகோல். கூ வாரத்துக்கு ஒரு முறை போன் செய்வார்.

"சார், மலைக் கணவாய் மேல இருக்கிற கழிப்பறையில 'ஆண்கள்'னு போட்டோம். உள்ள போறதுக்கே ஒரு கம்பீரம் வந்துருச்சு சார்."

நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னது உண்மை. தடித்த எழுத்து சொல்லும் விஷயத்தைத் தயங்காமல் சொல்லும். அதைப் பார்ப்பவனுக்கும் தயக்கம் போகும். உலகத்தில் எதையும் மெலிதாகச் சொல்லிச் சொல்லித்தான் எல்லாம் குழம்பிக் கிடக்கிறது.

பிறகு மலைப் பலகைகள் வந்தன. மலையில் விழுந்தவன் மீட்புக் குழுவின் 119-ஐக் கூப்பிட்டால் பெயருக்கு முன்னால் பலகை எண்ணைத்தான் கேட்பார்கள். எந்த முகடு, அதில் எத்தனையாவது பலகை. இது உங்களுக்குத் தெரிந்ததுதான். அடர்பச்சைத் தகட்டில் வெள்ளை எண்கள். எண்களைத் தட்டையாக அச்சடிக்காமல், கையால் தடவினால் தட்டுப்படும்படி மேடாகப் பதிக்கச் சொன்னேன். அந்தக் கனம் கண்ணுக்கு மட்டும் போய்ச் சேர்ந்தால் போதாது என்று நினைத்தேன்.

எண்களை வரைந்தது யூன்சல். அவள் முதலில் வரைந்த ஆறுக்கு மேல்கை நேராக, சாய்வாக, திறந்தபடி இருந்தது. நான் அதை வளைத்து உள்ளே கொண்டுவரச் சொன்னேன், கிட்டத்தட்ட வயிற்றைத் தொடும்வரை. ஆறைத் தலைகீழாக்கினால் ஒன்பது. ஒன்பதையும் ஆறையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் எட்டு. மூன்றுக்கும் ஒரே உடம்பு. அந்த அமைப்பைப் பார்த்துவிட்டு நான் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. அவ்வளவு சுத்தமாக ஒரு விஷயம் என் வாழ்க்கையில் வேறெங்கும் அமைந்ததில்லை.

"ஆறோட வாயைக் கொஞ்சம் திறந்து விடுங்க சீனியர்," என்றாள். "மூச்சு முட்டுது அதுக்கு."

"விரல் நகம் அளவுக்கு இடம் இருக்கு. போதும்."

"வெயில்ல போதும். எங்கப்பா மூடுபனியில படகு நம்பர் படிக்கிறவரு. அவரைக் கூட்டிட்டு வரட்டுமா?"

"உங்கப்பாவுக்குக் கண்ணாடி மாத்தணும்."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் வாயால் சொல்ல மாட்டாள், கையால் ஏதாவது செய்வாள். மறுநாள் நான் வந்தபோது எங்கள் கிம்ச்சி ஃபிரிட்ஜிலிருந்து முள்ளங்கி ஊறுகாய் டப்பாக்கள் எல்லாம் தரையில் இருந்தன. உள்ளே மாதிரிப் பலகை. அதன் மேல் தண்ணீர் தெளித்து, உறையவிட்டு, மறுபடி தெளித்திருக்கிறாள். வெளியே எடுத்தாள். மேடான எழுத்தின் விளிம்புகளில் வெள்ளையாக உறைபனி பிடித்திருந்தது. ஆறின் வாய்க்குள்ளும்.

அந்த நேரம் பார்த்துக் கறுப்பு நூடுல்ஸ் கொண்டுவந்த ஆள் படியேறி வந்தார். யூன்சல் பலகையைத் தூக்கிக் காட்டினாள்.

"அண்ணே, இது என்ன நம்பர்?"

"எட்டு."

"நல்லாப் பாருங்க."

"எட்டும்மா. நூடுல்ஸ் கொழகொழன்னு ஆயிடும், வாங்கிக்க."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவர் போன வாரம் கீழ்வீட்டுச் சாப்பாட்டை நமக்குக் கொடுத்தவர்," என்றேன். "அவர் படிச்சா எல்லாமே தப்பாத்தான் இருக்கும்."

"ஒரு மத்தியானம் வேலை சீனியர். ஆறையும் ஒன்பதையும் திறந்துட்டா முடிஞ்சுது."

ஒரு மதிய வேலைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆறின் கையை வெட்டினால் ஒன்பதின் கையை வெட்ட வேண்டும், அப்புறம் எட்டு அநாதையாக நிற்கும், எட்டுக்காக மூன்றை மாற்ற வேண்டும். ஒரு பக்கம் அவிழ்த்தால் முழு எழுத்தும் அவிழ்ந்துவிடும். யாரோ ஒருவர் அவசரத்தில் பார்க்கிறார் என்பதற்காக ஒரு வட்டத்தை வட்டம் இல்லாமல் ஆக்க முடியாது. அப்போதும் அதைத்தான் சொன்னேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

இலையுதிர்காலத்தில் பலகைகள் மலையேறின. மலையேறுபவர்கள் அவற்றின் பக்கத்தில் நின்று விரலால் எண்ணைக் காட்டிப் படம் எடுத்துப் போட்டார்கள். கிம்பாப் சோற்றுச் சுருளைப் பலகைக்கு ஊட்டுவது போலக்கூட ஒருத்தி படம் எடுத்திருந்தாள். டிசம்பரில் மாகாணத்திலிருந்து அழைப்பு வந்தது. மாகாணத்தின் எல்லா மலைகளுக்கும் இதே எழுத்து, இதே பலகை. திங்கட்கிழமை காலை கூட்டம், அங்கே ஒப்புதல். நானும் யூன்சலும் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஹாவுனில் முதல் பெரும்பனி விழுந்தது.

"நாளைக்கு நான் மலைக்குப் போறேன்," என்றாள். "பலகையைப் படம் எடுத்துட்டு வரேன். திங்கட்கிழமை மேசை மேல வைக்கிறேன். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீங்களே பார்த்து நீங்களே சொல்லிடுங்க. உங்க எழுத்து, நீங்க திருத்தினதாவே இருக்கட்டும்."

அதில் சூது எதுவும் இல்லை, இன்ஸ்பெக்டர். அவள் எனக்கு வழிவிட்டுத்தான் பேசினாள். அந்தப் பெருந்தன்மைதான் தாங்க முடியாததாக இருந்தது.

சனிக்கிழமை பிற்பகல் நான்தான் அவளைப் போனில் கூப்பிட்டேன். இறங்கி வந்துவிடு, திங்கட்கிழமைக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சொல்ல. மேலே காற்று பலமாக இருந்தது.

"ஆறாம் முகட்டுல இருக்கேன் சீனியர். இங்க வந்து பாருங்களேன், உங்க பாறை முழுக்க வெள்ளை மீசை வெச்சுக்கிட்டு நிக்குது."

"இறங்கு முதல்ல."

"ஒரே ஒரு படம். முழுப் பலகையும் வரணும், கொஞ்சம் பின்னால போனா..."

சரளை சரியும் சத்தம் கேட்டது. பிறகு காற்று மட்டும். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ரொம்ப நேரம் கழித்து அவள் குரல் வந்தது.

"இருக்கேன். உருண்டு வந்து அடுத்த வளைவுல, இன்னொரு பலகைக் காலடியிலயே விழுந்திருக்கேன். ராசி பாருங்க. கால்தான்... திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருக்கு."

"119-ஐக் கூப்பிடு."

"பேட்டரி சிவப்புல இருக்கு. இந்தக் குளிர்ல போனை ஒரு தடவை கட் பண்ணிட்டா மறுபடி எழுந்திருக்காது. நீங்க கூப்பிடுங்க. நம்பரை மட்டும் சொன்னாப் போதும், அவங்க வந்துடுவாங்க."

நிமிர்ந்து பலகையைப் பார்த்து அவள் எண்ணைச் சொன்னாள். ஆறு-மூன்று. காற்றையும் மீறித் தெளிவாகக் கேட்டது. அதோடு போன் அணைந்துவிட்டது.

நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டீர்கள். ஆமாம். அவள் ஆறு என்றுதான் சொன்னாள். யாரும் எதையும் தவறாகப் படிக்கவில்லை.

நான் 119-ஐக் கூப்பிட்டேன். அந்தப் பெண் நிதானமாகப் பேசினாள்.

"பலகை எண் தெரியுமா சார்?"

"எட்டு-மூணு," என்றேன்.

"உறுதியாத் தெரியுமா?"

"அவங்க பார்த்துப் படிச்சதுதான்."

அந்த உரையாடல் பதிவாகியிருக்கும். போட்டுக் கேளுங்கள். என் குரல் நடுங்கியிருக்காது. எட்டாம் முகடு பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம். கோடையிலேயே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக அரை நாள் ஆகும். இரண்டுக்கும் ஏறும் வழி ஒரே வாகன நிறுத்தத்தில் தொடங்குகிறது. அவள் பேருந்தில் போனவள். எந்தப் பக்கம் திரும்பினாள் என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

இதை இவ்வளவு அமைதியாகச் சொல்கிறேனே என்று பார்க்கிறீர்கள். பதறிச் சொன்னால் நீங்கள் என் பதற்றத்தைத்தான் எழுதிக்கொள்வீர்கள். எனக்கு எண் சரியாகப் பதிவாக வேண்டும்.

நான் வண்டி எடுத்துக்கொண்டு ஹாவுனுக்குப் போனேன். வழியில் மீட்புக் குழுவுக்காகச் கை சூடேற்றும் பைகளும் பயறு வைத்த ரொட்டியும் வாங்கிக்கொண்டேன். அவர்களோடு எட்டாம் முகட்டில் ஏறினேன். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன், தொண்டை கட்டும்வரை. அது நடிப்பு இல்லை. கூப்பிடும்போது அவள் பதில் சொல்லிவிட வேண்டும் என்று உண்மையாகவே விரும்பினேன். அவள் அங்கே இல்லை என்பது வேறு விஷயம்.

எட்டு-மூன்று பலகையின் அடியில் யாரும் இல்லை. சுற்றுவட்டாரத்தில் தேடினார்கள். குழுவில் போங் தோக்ஹோ என்று ஒரு மூத்த வீரர் இருந்தார், உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கும். முழங்கால் வரை பனியில் நின்று பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்கதானே இதை வரைஞ்சது?"

"ஆமாம்."

"ஆறா எட்டான்னு ஒரு சந்தேகம். அந்தப் பொண்ணு பனியில பார்த்திருக்கு. செல்போன் டவர் ரெண்டு முகட்டுக்கும் ஒண்ணுதான். பாதிப் பேரை ஆறாவதுக்கு அனுப்பட்டுமா?"

இருட்டத் தொடங்கியிருந்தது. அப்போதே அனுப்பியிருந்தால் நள்ளிரவுக்கு முன் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

"இந்த எழுத்துல அந்தச் சந்தேகம் வராது," என்றேன். "அதுக்காகத்தான் இதை இப்படி வரைஞ்சோம்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். வரைந்தவனே சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டார். எட்டிலேயே தேடல் தொடர்ந்தது. ஆனால் மனசு கேட்காமல் விடிந்ததும் தனியாக ஆறாம் முகட்டில் ஏறினார். பலகையின் காலைக் கட்டிக்கொண்டு, ஆரஞ்சுக் கோட்டின் தொப்பியை முகம் வரை இழுத்து மூடிக்கொண்டு அவள் இருந்தாள். அவர் இறங்கி வந்து என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்.

"ஆறுதான் சார்."

அதைக் கேட்டதும் என் தலையில் வேறு எதுவும் ஓடவில்லை. சரியாகப் படித்துவிட்டாரே என்றுதான் தோன்றியது.

இதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன், அது என் கணக்குப் பிழை. அவள் ஆறின் காலடியில் கிடந்தாள்; எட்டு என்று தகவல் போயிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். கூ அழுதுகொண்டே நிருபர்களிடம் பேசினார். அந்தப் பெண் முன்பே எச்சரித்தாள், ஃபிரிட்ஜில் வைத்துக்கூடக் காட்டினாள் என்றார். அதை அவரிடம் யூன்சல்தான் எப்போதோ சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். மாகாணம் பின்வாங்கியது. பேருந்தில் சுரண்டினார்கள், ஷட்டரில் பூசினார்கள், கழிப்பறையில்கூட மாற்றினார்கள். இன்று காலை பலகைகள்.

என்னைப் பற்றி யாரும் தவறாகப் பேசவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். பாவம், கூட வேலை செய்தவளைப் பறிகொடுத்தவர் என்றார்கள். அவளுடைய அப்பா கூட, அந்தப் படகுக்காரர், அடக்கத்தின்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ கடைசியா உங்ககிட்டதான் பேசினாளாமே, பயந்தாளா?" என்று கேட்டார். பயப்படவில்லை என்றேன். அது உண்மை. நான் பேசாமல் இருந்திருந்தால் ஆயுசு முழுக்க அந்த அனுதாபத்திலேயே காலம் தள்ளியிருக்கலாம். எழுத்து மட்டும் கொலைகாரப் பட்டத்தோடு போயிருக்கும்.

அதைத்தான் என்னால் விட முடியவில்லை. அது வாய் பேசாது. அதற்காக வாதாட நான்தான் இருக்கிறேன். எனவே எழுதுங்கள்: தோ யூன்சலைக் கொன்றது சே கியூவொன். அவள் சொன்ன எண்ணை அவன் மாற்றிச் சொன்னான். கேட்டபோது மறுபடியும் மாற்றிச் சொன்னான். அவள் இருக்கும் முகட்டுக்கு ஆள் போகாமல் தடுத்தான். ஹாவுன் பாறை எழுத்துக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. நான் கையெழுத்துப் போடுகிறேன். தண்டனையைப் பற்றி எனக்கு வாதம் இல்லை.

நீங்கள் இன்னும் எழுதவில்லை. ஒரே கேள்வியில் நிற்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆறு என்று சொல்லியிருந்தால் ஆள் போயிருப்பார்கள், அவள் பிழைத்திருப்பாள், உன் எழுத்துக்கு அதைவிடப் பெரிய நற்சான்று என்ன இருக்கிறது, பனியிலும் படிக்க முடிந்தது, உயிரைக் காப்பாற்றியது என்று மாகாணமே கொண்டாடியிருக்குமே, பிறகு ஏன் எட்டு என்றாய் என்கிறீர்கள்.

அவள் எண்ணைச் சொன்ன இடத்தை நான் கொஞ்சம் சுருக்கிவிட்டேன். முழுதாகச் சொல்கிறேன்.

அவள் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். "எட்டு," என்றாள். "எட்டு-மூணு."

பிறகு கையுறை தகட்டில் உரசும் சத்தம் கேட்டது. அப்புறம் அவள் சிரித்தாள். கால் முறிந்து கிடக்கும் ஒருத்தி அப்படிச் சிரிப்பாள் என்று நான் நினைத்ததில்லை.

"இல்ல சீனியர், ஆறு. ஆறு-மூணு. பனியைத் துடைச்சதும்தான் தெரியுது. பாருங்களேன், ஆறாம் முகட்டுலதான் இருக்கேன்னு தெரிஞ்சும், வரைஞ்ச நானே எட்டுன்னு படிச்சுட்டேன். திங்கட்கிழமைக்குப் படமே வேணாம். இதைச் சொன்னாப் போதும்."

போன் அணைந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கடைசியில் அவள் ஆறு என்றுதான் படித்தாள். துடைத்துவிட்டுப் பார்த்தால் யாருக்கும் தெரிகிறது. எழுத்தில் குற்றம் இல்லை. இன்று மாலை மலையில் மறுபடி பனி விழும் என்கிறார்கள், இன்ஸ்பெக்டர். அதற்குள் பலகைகளையெல்லாம் திரும்ப மாட்டச் சொல்லுங்கள்.